நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: நாங்கள் உச்சிப்புளிக்கு அருகில் வசிக்கிறோம். என் தந்தை காலத்திலிருந்து குதிரை வளர்த்து, வண்டிப் பந்தயங்களுக்கு அனுப்பி வருகிறோம். பொங்கலுக்குப் பிறகு எங்களைப் போன்ற குதிரைக்காரர்கள் சிலர் சேர்ந்து, இராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு நாள் சவாரி போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஏறக்குறைய 75 கிலோமீட்டர். என் மகனுக்கு 9 வயது, தனியாகவே குதிரை ஓட்டுவான். மகளுக்கு 6 வயது. அவளை எனக்கு முன்னால் உட்கார வைத்து, துண்டால் என் இடுப்போடு கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஐந்து வயதிலேயே தான் குதிரை ஏறியதாக என் தந்தை சொல்கிறார். மங்கோலியாவில் இன்னும் சின்னப் பிள்ளைகள் ஓட்டுவதை வீடியோவில் பார்த்தோம். மனைவிதான் பயப்படுகிறார். இரண்டு வாரத்துக்கு முன் பயிற்சியின்போது மகன் கீழே விழுந்தான். சைக்கிள் ஹெல்மெட் போட்டிருந்தான், காயம் இல்லை. அன்று ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினான். இப்போது நன்றாக இருக்கிறான், எப்போதாவது தலை வலிக்கிறது என்பான். இருவரையும் அழைத்துச் செல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் தாங்கள் எழுதியிருக்கும் செய்திக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்த பிள்ளை அன்றே வாந்தி எடுத்து, வழக்கமில்லாத நேரத்தில் தூங்கி, இரண்டு வாரம் கழித்தும் தலைவலி என்று சொன்னால், வெளியே காயம் இல்லை என்பதை வைத்து அவன் நன்றாக இருக்கிறான் என்று முடிவு செய்ய முடியாது. அது மூளை அதிர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். மண்டை ஓடு உடையாமல், ஸ்கேனிலும் எதுவும் தெரியாமல், மூளையின் இயக்கம் மட்டும் சில வாரங்கள் தடுமாறும் நிலை அது. பெரும்பாலான குழந்தைகள் நான்கு வாரத்துக்குள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். ஆனால் அது தேறுவதற்கு முன் இன்னொரு முறை தலையில் அடிபட்டால், சிறிய அடியாக இருந்தாலும், விளைவு மிகவும் மோசமாக இருக்கக்கூடும். எனவே மகனை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். பள்ளியில் கவனம் குறைந்திருக்கிறதா, எரிச்சல் அதிகமாகியிருக்கிறதா, வெளிச்சமும் சத்தமும் தொந்தரவு செய்கின்றனவா, தூக்கம் மாறியிருக்கிறதா என்று அவனுடைய ஆசிரியரிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு போங்கள். இவற்றைப் பிள்ளை தானாகச் சொல்வதில்லை. தலைவலி முற்றிலும் நின்று, படிப்பும் விளையாட்டும் பழையபடி ஆகி, மருத்துவர் அனுமதிக்கும் வரை அவன் குதிரை மேல் ஏறக் கூடாது. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, மீண்டும் வாந்தி வந்தாலோ, எழுப்பினால் சரியாக எழாமல் மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே 108க்கு அழையுங்கள். அன்று அவன் அணிந்திருந்த ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

இனி, தாங்கள் கேட்ட கேள்வி. மகளை இந்தச் சவாரிக்கு அழைத்துச் செல்ல வேண்டாம். மகன் தேறி, மருத்துவரும் சம்மதித்தால், சவாரியின் சில துண்டுகளில் மட்டும், கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகளோடு அவன் கலந்துகொள்ளலாம். 75 கிலோமீட்டரும் அல்ல, அதில் பாதியும் அல்ல.

குதிரை வளர்க்கிற குடும்பத்தில் பிறந்த பிள்ளை குதிரை ஏறக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில், பெரியவர் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, அரை மணி நேரம் ஏறி இறங்குவதில் உள்ள ஆபத்து வேறு; நெடுந்தூரச் சவாரியில் உள்ள ஆபத்து வேறு. இரண்டிலும் குதிரை ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான். மாறுவது களைப்பு. முதல் ஐந்து கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையால் பிடித்து, குதிரையின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டிருந்த சிறுவன், பதினைந்தாவது கிலோமீட்டரில் சேணத்தின் மேல் ஒரு மூட்டையாக மாறிவிடுகிறான். முதுகு வளைகிறது, சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் போய்ச் சிக்குகிறது, கடிவாளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்கிறான், கண் சொருகுகிறது. அப்போது ஓடைப் புதரிலிருந்து ஒரு காடை படபடத்துப் பறந்தால் போதும்.

இந்த விளையாட்டை உலக அளவில் முறைப்படுத்தியவர்களுக்கு இது தெரியும். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு நடத்தும் நெடுந்தூரப் போட்டிகள் 100 முதல் 160 கிலோமீட்டர் வரை செல்பவை; அவற்றில் இளையோர் பிரிவில்கூட 14 வயது நிறையும் ஆண்டிலிருந்துதான் பங்கேற்க முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பை என்ற 100 மைல் சவாரியில் குறைந்தபட்ச வயது 12. சிறுவர்களோடு பொறுப்பேற்ற பெரியவர் ஒருவர் கூடவே வர வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதே அளவுகோலைப் பொருத்தினால் எங்கே நிற்கிறோம் என்பது தங்களுக்கே விளங்கும்.

அந்தப் போட்டிகளில் இன்னொரு விதியும் உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். பாதை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தக் கட்டமும் 40 கிலோமீட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிப்பார். குறித்த நேரத்துக்குள் அதன் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64 என்ற அளவுக்கு இறங்க வேண்டும்; மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கும்போது நொண்டக் கூடாது; நீர்ச்சத்து குறைந்திருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும், ஓட்டுபவர் என்ன சொன்னாலும், அந்தக் குதிரைக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. குதிரையால் வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் வந்த விதி இது. ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வாய் இருக்கிறது. ஆனால் அப்பாவும் அப்பாவின் நண்பர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் அதைத் திறக்க மாட்டான். "என்னப்பா, போலாமா?" என்று தாங்கள் கேட்டால், தொடை உரிந்து எரிந்துகொண்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்வான். என் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளிடம் தினமும் பார்ப்பது இது: தந்தை அறையில் இருக்கும்போது "வலிக்கல" என்பார்கள், அவர் மருந்து வாங்க வெளியே போனதும் கையைக் காட்டுவார்கள்.

ஆகவே குதிரைக்குச் செய்வதை மகனுக்கும் செய்யுங்கள். பின்னால் வரும் காரில் சவாரியில் பங்கில்லாத ஒருவர் இருக்கட்டும். தங்கள் மனைவியோ, பிள்ளைக்கு நெருக்கமான அத்தையோ, சித்தியோ. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மகன் குதிரையிலிருந்து இறங்கி அவரிடம் போக வேண்டும். யாரும் பிடிக்காமல் நடக்கிறானா, தண்ணீர் குடிக்கிறானா, கடந்த மூன்று மணி நேரத்தில் சிறுநீர் கழித்தானா, அது அடர்மஞ்சளாக இருந்ததா, தொடையின் உட்பக்கம் உரிந்திருக்கிறதா, பேச்சில் சுறுசுறுப்பு இருக்கிறதா என்று அவர் தனியாக வைத்துப் பார்க்கட்டும். போதும் என்று அவர் சொன்னால் பிள்ளை காரில் ஏற வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று பேரம் பேசக் கூடாது. இந்த அதிகாரத்தைத் தங்கள் மனைவியிடம் கொடுக்கத் தாங்கள் சம்மதித்தால், அவருடைய பயத்தில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தூரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒன்பது வயதுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கட்டங்கள், அதாவது பத்து கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் நடையிலேயே போவது போதும் என்பது என் கருத்து. அதற்கும் முன்னதாக ஆறேழு வாரங்கள் சிறுகச் சிறுகக் கூட்டிப் பழகியிருக்க வேண்டும். மூளை அதிர்ச்சியிலிருந்து தேறும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தப் பொங்கலுக்கு அது நடக்காமல் போகலாம். அடுத்த ஆண்டும் பொங்கல் வரும்.

மகளைத் துண்டால் கட்டிக்கொள்ளும் யோசனையை அறவே விட்டுவிடுங்கள். குதிரைச் சவாரியில் ஓட்டுபவரைக் குதிரையோடோ இன்னொருவரோடோ கட்டிவைக்கக் கூடாது என்பது அடிப்படை. குதிரை இடறினால் தாங்கள் விழுவீர்கள். கட்டப்பட்ட குழந்தை தங்களுக்கு அடியில் விழும். எழுபது கிலோ உடலின் கீழே இருபது கிலோ உடல் அகப்பட்டால் விலா எலும்பு, கல்லீரல், மண்ணீரல் ஆகியவை என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. குதிரையே சாய்ந்து விழுந்தால் 350 முதல் 450 கிலோ வரை எடை கொண்ட விலங்கு இருவர் மேலும் விழும். கட்டாமல் முன்னால் வைத்துக்கொள்வதும் நல்லதல்ல: சேணம் ஒருவர் உட்காரச் செய்யப்பட்டது, அவளுக்கு அங்கவடி இல்லை, தங்கள் ஒரு கை அவளைப் பிடித்திருக்கும்போது கடிவாளத்துக்கு ஒரு கைதான் மிஞ்சும்.

சாதாரணமாக விழுவதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். மார்வாரி, கத்தியவாரி போன்ற நம் நாட்டுக் குதிரைகளின் முதுகு தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதன் மேல் உட்காரும் ஆறு வயதுக் குழந்தையின் தலை ஏறக்குறைய ஏழடி உயரத்தில் இருக்கிறது. குழந்தைகளின் தலை உடலை நோக்கப் பெரியது, கழுத்துத் தசை வலுவற்றது. அதனால் விழும்போது தலை முந்திக்கொள்கிறது. கையை ஊன்றி விழுந்தால் முழங்கைக்கு மேலேயும் மணிக்கட்டிலும் எலும்பு முறிகிறது. எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தகட்டில் முறிந்தால் அந்தக் கை வளரும்போது கோணலாகும் அபாயமும் உண்டு. குதிரை விபத்துகளில் கை முறிவே அதிகம் நிகழ்வது. உயிரைப் பறிப்பது தலைக்காயம்.

தாங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். மகன் ஓட்டப்போகும் குதிரை பந்தயத்துக்குப் பழக்கியதா? நம் பக்கத்துப் பந்தயங்களில் வண்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரும், கூட்டம் சத்தமிடும், அந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்றுதான் குதிரைக்குக் கற்பித்திருப்போம். அதே குதிரை மண்டபம் சாலையில் பின்னால் வரும் பைக்கின் சத்தத்தைக் கேட்டால் என்ன செய்யும்? தான் கற்றதைச் செய்யும். பிள்ளைக்கு வேண்டியது வயதான, சாதுவான, சாலைக்கும் லாரிக்கும் பழகிய, முடிந்தால் உயரம் குறைந்த மட்டக்குதிரை. அது கிடைக்காவிட்டால் அவன் ஓட்ட வேண்டாம்.

பாதையிலும் இரண்டு இடங்களைக் குழந்தைகளுக்கு விலக்கிவிடுங்கள். முதலாவது பாம்பன் சாலைப் பாலம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடமில்லை, நின்று வேடிக்கை பார்க்கும் சுற்றுலாப் பயணிகள், உரசிக்கொண்டு போகும் பேருந்துகள், கீழே கடல். பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். பெரியவர்கள்கூடக் குதிரைகளை வண்டியில் ஏற்றிப் பாலத்தைக் கடப்பதே சரி என்பேன். காவல் துறையிடம் அனுமதி கேட்கப் போகும்போது அவர்களும் அதையே சொல்லக்கூடும். இரண்டாவது, தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை உள்ள பகுதி. நிழல் இல்லை, குடிநீர் இல்லை, சாலையை விட்டு இறங்கினால் கால் புதையும் மணல். அங்கே ஒரு பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், இராமேசுவரம் வந்து, பாலத்தைக் கடந்து, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து, மூளை அறுவைக்கு மதுரைக்குப் போக வேண்டியிருந்தால் மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இந்தக் கணக்கைச் சவாரிக்கு முன்பே போட்டு, எந்த இடத்திலிருந்து எந்த மருத்துவமனை என்று எழுதி, கார் ஓட்டுபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

விழுந்த பிள்ளையை இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்துவது நம்மவர்களின் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல், நினைவு தப்புதல் ஆகியவற்றில் எது இருந்தாலும், தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும் வரை படுத்தபடியே வைத்திருங்கள்; மூச்சுக்குத் தடை இருந்தாலன்றி ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். எழுந்து நன்றாகப் பேசினாலும் அன்று மறுபடி குதிரை ஏற்றக் கூடாது. விழுந்த உடனே ஏற்றிவிட்டால்தான் பயம் தெளியும் என்ற பழக்கம் தலையில் அடிபட்ட பிள்ளைக்குப் பொருந்தாது.

தை மாதம் குளிர்ச்சி என்று நினைத்து வெயிலை மறந்துவிடுகிறோம். நம் கரையில் அப்போதும் ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுடும். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை எளிதில் காயாது. கிழக்கு நோக்கிப் போகும் தங்களுக்கு வாடைக்காற்று எதிர்முகமாக வீசும், அது முகத்தைக் குளிர்விப்பதால் தாகம் தெரியாது, கண்ணில் மணலும் அடிக்கும். மகனுக்கு ஒரு கண்ணாடி போட்டுவிடுங்கள். விடியலில் கிளம்பி ஒன்பது மணிக்குள் பிள்ளையின் பங்கை முடித்துவிட வேண்டும். 9 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகள் வெயிலில் உழைக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி வரை குடிப்பது நல்லது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர், உப்புப் போட்ட மோர், நீராகாரம், இளநீர் எல்லாம் சரி. விளம்பரத்தில் வரும் சக்தி பானங்கள் வேண்டாம். பிள்ளை குழப்பமாகப் பேசி, உடல் அனலாய்க் கொதித்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே நிழலில் கிடத்தி, உடைகளைத் தளர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம்.

கருவிகளில் முக்கியமானது ஹெல்மெட். குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட, ஏஎஸ்டிஎம் எஃப் 1163 அல்லது பாஸ் 015 என்ற தர அடையாளம் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் ஹெல்மெட் வாங்குங்கள். சைக்கிள் ஹெல்மெட் தலையின் பின்பகுதியைப் போதுமான அளவு மூடாது. கிரிக்கெட் ஹெல்மெட் பந்துக்குச் செய்தது. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் கனத்தைச் சிறுவனின் கழுத்து தாங்காது. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நேராக உட்கார்ந்து, தலையை ஆட்டினாலும் நகராமல் இருந்தால் அளவு சரி. விலை ஒரு நல்ல சேணத்தை விடக் குறைவுதான். செருப்போடு ஏற்றாதீர்கள்; சிறிய குதி உள்ள, கணுக்காலை மூடும் காலணி வேண்டும், அப்போதுதான் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காது. அங்கவடியும் காலணியை விட ஓரங்குலம் அகலமாக இருக்கட்டும். பெரியவருடைய அங்கவடி வாரையே சுற்றிச் சுருக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்; அதற்குப் பதில் சிறுவர்க்கான வாரையே வாங்கிவிடலாம்.

தங்கள் தந்தையார் ஐந்து வயதில் குதிரை ஏறினார் என்பதை நம்புகிறேன். அன்றைக்கு இந்தச் சாலையில் இவ்வளவு வாகனங்கள் இல்லை. அவர் 75 கிலோமீட்டர் போனாரா என்றும் கேட்டுப் பாருங்கள். மங்கோலியாவின் நாடம் விழாவில் சிறுவர்கள் 25 கிலோமீட்டருக்கு மேலும் ஓட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் நடை பழகும் வயதிலிருந்தே குதிரை மேல் வளர்பவர்கள், அந்தக் குதிரைகளும் உயரம் குறைந்தவை. அப்படியிருந்தும் அங்கே விழுந்து முடமானவர்களும் இறந்தவர்களும் உண்டு. அதனால்தான் அந்நாடே குறைந்தபட்ச வயதை ஏழாக வைத்து, பாதுகாப்பு அணிகளையும் கட்டாயமாக்கியது. அங்குள்ள குழந்தைகள் நல அமைப்புகள் அது போதாது என்று இன்னும் வாதாடி வருகின்றன. வீடியோவில் வெற்றி பெற்ற பிள்ளைதான் தெரிவான்.

மகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். தங்கும் இடத்தில், குதிரை களைப்பாறிய பிறகு, சேணம் பூட்டி, அவளுக்கும் சரியான ஹெல்மெட் அணிவித்து, தாங்கள் கயிற்றைப் பிடித்து நடக்கப் பத்து நிமிடம் ஏற்றி இறக்குங்கள். ஆறு வயதுக்கு அதுவே நல்ல சவாரி. முகாமில் மட்டும் ஒரு கண் வேண்டும்: குதிரைக்குத் தீனி வைக்கும் இடத்திலும், பல குதிரைகளை அருகருகே கட்டியிருக்கும் இடத்திலும் நிற்கிற குழந்தைகள் உதைபட்டும் கடிபட்டும் வருவது உண்டு, சவாரியே செய்யாமல்.

சாணமும் மண்ணும் கலந்த இடத்தில் கருவேல முள் குத்தினால் தசைவிறைப்பு நோய் (டெட்டனஸ்) வரக்கூடும் என்பதால், இருவரின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய, இந்த நோயையும் தடுக்கும் முத்தடுப்பு ஊக்க ஊசி மகனுக்குப் போடப்பட்டிருக்கிறதா? மகளுக்கு இப்போதுதான் அந்த வயது. விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். வெளியூர்க் குதிரைகளும் சவாரியில் சேர்வதாக இருந்தால், கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கால்நடை மருத்துவர் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அது குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது.